பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

நியூசிலாந்து தென் தீவு, டெக்காப்போ ஏரிக்கரை, வாடகை மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிக்கொள்ளும் வீட்டு வண்டி). ராத்திரி குழாயைத் திறந்தால் 12 வோல்ட் பம்ப் கரகரவென்று ஓடுகிறதே தவிர சொட்டுத் தண்ணீர் இல்லை. தொட்டி நிறைய இருப்பதாக மீட்டர் காட்டியது, அதை நம்பாமல் டார்ச் அடித்தும் பார்த்துவிட்டேன். சரி, பம்ப் போச்சு என்றே முடிவு கட்டினேன். மனைவிதான் இருக்கைக்கு அடியில் பம்புக்கு முன்னால் இருந்த வடிகட்டிக் கிண்ணத்தைக் காட்டி, "இதுல ஏன் இவ்ளோ குமிழி?" என்றாள். சாயங்காலம் அதைக் கழுவி மாட்டியது நான்தான் (சொல்லவில்லை). ரப்பர் வளையம் பள்ளத்தை விட்டு நழுவியிருந்தது, பம்ப் தண்ணீருக்குப் பதிலாக அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சியிருக்கிறது. பம்பை அணைத்து, வளையத்தை நனைத்து உட்கார வைத்து, கையாலேயே இறுக்கினேன். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுக் கொட்டியது.