வேப் காயிலும் பேட்டரியும்: ஓம் கணக்கில் நடக்கும் தவறுகள்

வேப் எனும் மின்சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள்தான் காயில். அதன் மின்தடையை ஓமில் அளப்பார்கள். அந்த ஓம் குறைந்தால் ஆவி அதிகம் வரும். வேப் பிடிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அதற்காகப் பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறோம் என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. இருப்பதிலேயே ஆபத்தான தவறு அதுதான்.

கணக்கு எளிது: வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட். அதில் 0.5 ஓம் காயில் போட்டால் 8.4 ஆம்பியர், சுமார் 35 வாட். 0.2 ஓமுக்கு இறங்கினால் 21 ஆம்பியர், 88 வாட். 0.1 ஓம் என்றால் 42 ஆம்பியர். 18650 என்ற உருளை வடிவ பேட்டரி ஒன்றிடம் இதைக் கேட்கவே கூடாது. பேட்டரியை நேராகக் காயிலோடு இணைக்கும், பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத வேப் கருவியான மெக்கானிக்கல் மோடில் இதைத் தடுக்க எதுவும் கிடையாது. பேட்டரி சூடேறி வாயு கக்கும், வெடிக்கவும் செய்யும். உறையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஆம்பியரையும் அப்படியே நம்பாதீர்கள். சில விநாடிகள் மட்டும் தாங்கும் உச்ச அளவாக அது இருக்கலாம். தொடர்ந்து எவ்வளவு தரும் என்பதே நமக்கு வேண்டிய எண்.

எத்தனை வாட் வேண்டும் என்று நாமே வைத்துப் பிடிக்கும் மோடில் கதை வேறு. ஓம் கூடிய காயில் போட்டால் சார்ஜ் அதிக நேரம் நிற்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே இருக்கும் சிப் வோல்ட்டை ஏற்றி இறக்கி, நீங்கள் வைத்த வாட்டைக் கொடுத்துவிடும். 60 வாட் என்றால் எந்தக் காயிலிலும் 60 வாட்தான். 3000 எம்ஏஎச் பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய 11 வாட்-மணி. 15 வாட்டில் பட்டனை அழுத்தும் நேரம் மொத்தம் 44 நிமிடம். 60 வாட்டில் 11 நிமிடம். நடைமுறையில் இன்னும் குறையும். அப்புறம், சார்ஜ் இறங்க இறங்க அதே 60 வாட்டுக்கு அதிக ஆம்பியர் தேவைப்படும்: 4.2 வோல்ட்டில் சுமார் 14, 3.2 வோல்ட்டில் 19. அதனால் இங்கே திணறுவது காலியாகப் போகும் பேட்டரி. நிறைந்த பேட்டரியை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

சுவை குறைகிறதே என்று வோல்ட்டை ஏற்றுவதும் தவறுதான். வாட், வோல்ட்டின் வர்க்கத்தோடு கூடும். 1.2 ஓம் காயிலில் 3.5 வோல்ட் 10 வாட் தரும், 4.2 வோல்ட் கிட்டத்தட்ட 15 வாட். திரவம் ஊறிவரும் வேகத்தைவிடச் சூடு முந்தினால் காயிலுக்குத் திரவம் கொண்டுவரும் பஞ்சு கருகும், ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சும் கூடும். தொண்டையில் கருகல் தட்டினால் உடனே நிறுத்துங்கள். முதலில் வோல்ட்டை இறக்கிப் பாருங்கள். கருகிய பஞ்சை மாற்றாமல் அந்தச் சுவை போகாது.