சீன மருத்துவ கிளினிக்கில் ஜூனியருக்குச் சொல்லித்தரும்போது சீனியர்கள் செய்யும் தவறுகள்

கலிபோர்னியாவில் அக்குபங்சர் உரிமம் வாங்க வேண்டுமானால் குறைந்தது 3,000 மணி நேரம் படிக்க வேண்டும். அதில் 950 மணி நேரம் கிளினிக்கில். மாணவர்கள் முதலில் ஓரமாக நின்று பார்ப்பார்கள், அப்புறம் இன்டர்னாகி மேற்பார்வையில் நோயாளியைக் கவனிப்பார்கள். மேற்பார்வை மருத்துவர் அறை அறையாகப் போய்க்கொண்டே இருப்பதால், புதிதாக வந்தவருக்குப் பக்கத்தில் கிடைப்பது சீனியர் இன்டர்ன்தான். நல்ல பழக்கம், கெட்ட பழக்கம் இரண்டும் அவரிடமிருந்துதான் தொற்றும்.

நாடி பார்ப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. "இது நாண் மாதிரி விறைப்பாக இருக்கு, தொட்டுப் பார்" என்று சீனியர் சொல்லிவிடுகிறார். அதன்பின் எந்த விரலுக்கும் அது நாணாகத்தான் தெரியும். ஜூனியர் கற்றுக்கொண்டது தலையாட்டுவதை மட்டுமே. மணிக்கட்டில் சுன், குவான், ச்சி என்று மூன்று இடங்கள், இரு கையிலும் சேர்த்து ஆறு. பாடப்புத்தகத்திலோ 28 வகை நாடி. ஆரம்பத்திலேயே இத்தனையையும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. வேகமா, மெதுவா? மேலாகத் தொட்டதும் கிடைக்கிறதா, அழுத்தினால்தானா? தொடக்கத்துக்கு இந்த இரண்டு கேள்வி போதும். ஜூனியர் தன் பதிலை முதலில் எழுதி வைக்கட்டும், சீனியர் அப்புறம் பார்க்கட்டும். இருவர் எழுதியதும் வேறாக இருந்தால் உடனே "தப்பு" என்று சொல்லாமல் இருவரும் மறுபடி தொட்டுப் பார்ப்பது நல்லது. நோயாளி மாடிப்படி ஏறி அப்போதுதான் வந்திருக்கலாம். சீனியரின் விரல் அதிகமாக அழுத்தியிருக்கலாம், அதுவும் நடப்பதுதான்!

நாக்கைப் பார்ப்பதிலும் இதே கதை. மஞ்சள் படலம் என்று சீனியர் அறிவிப்பதற்கு முன்னால், காலையில் காபி குடித்தீர்களா, நாக்கை வழித்தீர்களா என்று ஜூனியரே நோயாளியிடம் கேட்கட்டும்.

நோயாளி படுத்திருக்க, அவர் தலைக்கு மேலேயே பாடம் நடத்துவது இன்னொரு தவறு. "கல்லீரல் ரத்தக் குறைவு" என்று இவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். சீன மருத்துவத்தில் அது ஒரு நோய்க்கோலத்தின் பெயர். கேட்கும் நோயாளிக்கோ தன் கல்லீரலில் ஏதோ கோளாறு என்றுதான் படும். அந்தப் பேச்சை வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம்.

"ஒரே ஒரு ஊசி, நீயே போடு" என்று இடம் கொடுப்பதைச் சிலர் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். கலிபோர்னிய விதிப்படி முதல் 275 மணி நேரம் நோயறிதல், சிகிச்சை இரண்டின்போதும் மேற்பார்வையாளர் கூடவே இருக்க வேண்டும். அடுத்த 275 மணி நேரம் ஊசி போடும்போதாவது இருக்க வேண்டும். சீனியர் இன்டர்ன் மேற்பார்வையாளர் ஆகிவிட மாட்டார். தோள்மேல் இருக்கும் ஜியான்ஜிங் புள்ளிக்கு அடியில் நுரையீரலின் நுனி இருக்கிறது, ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும். கையில் இருக்கும் ஹெகுவையும் காலில் இருக்கும் சான்யின்ஜியாவோவையும் கர்ப்பிணிகளுக்கு மரபாகவே தவிர்ப்பார்கள். ஊசி எடுத்துக்கொடுக்கும் நாளிலேயே ஜூனியர் இந்தக் காரணங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, ரகசியமாக ஓர் ஊசி போட்டுப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

புதியவரிடம் நம்பிக் கொடுக்கக்கூடிய வேலை ஒன்று உண்டு: ஊசிகளை எண்ணுவது. போட்டது எத்தனை, எடுத்தது எத்தனை என்று இரண்டையும் அவரே குறிப்பில் எழுத வேண்டும். உச்சந்தலையில் முடிக்குள்ளும் காதிலும் இருப்பவைதான் எளிதாக விட்டுப்போகும். சீனியர் "பத்துப் பன்னிரண்டு இருக்கும்" என்று அலட்சியமாகச் சொன்னால் ஜூனியருக்கும் அதுவே பழகிவிடும்.

ஊசி போட்டதும் சிலருக்கு முகம் வெளுத்து, வியர்த்து, மயக்கம் வரும். சீனியர் பரபரவென்று எல்லாவற்றையும் தானே செய்ய, ஜூனியர் சுவரோடு ஒட்டி நிற்பார். எல்லா ஊசியையும் எடுப்பது யார், நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்துவது யார், மேற்பார்வையாளரைக் கூப்பிட ஓடுவது யார் என்று ஷிஃப்ட் தொடங்கும் முன்பே பேசிவைத்திருக்க வேண்டும்.

படுக்கை விரிப்பு மாற்றுவதையும் குப்பை எடுப்பதையும் ஜூனியர் தலையிலேயே கட்டாதீர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம்.

மருத்துவர்களைப் பற்றிய வம்பு இதைவிட மோசம். ஒருவர் மாஸ்டர் டங் வழியில் வலிக்கும் இடத்தை விட்டு எங்கோ ஊசி போடுவார், இன்னொருவர் மூலிகைக் கஷாயத்தைத்தான் நம்புவார். "அவர் சொல்வதை விடு" என்று சீனியர் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த செமஸ்டர் முழுக்க அந்த மருத்துவர் பேசும்போது ஜூனியரின் காது மூடியிருக்கும். ஒரே நோயாளிக்கு இருவரும் ஏன் வேறு வேறு வழியில் போனார்கள் என்று கேட்கத் தூண்டினால் இரண்டு பாடம் கிடைக்கும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால் எதையாவது சொல்லிச் சமாளிப்பதும் வழக்கமாகிவிட்டது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு, டாங்குய் என்ற சீன மூலிகை சேர்ந்த கஷாயம் கொடுக்கலாமா என்று ஜூனியர் கேட்டால், அது ரத்தக்கசிவு வரை போகக்கூடிய விஷயம். ஊகத்துக்கு அங்கே இடமில்லை. மாத்திரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு இருவருமாக மேற்பார்வையாளரிடம் போங்கள், கேள்வியை ஜூனியரே கேட்கட்டும்.