மின்கம்பியில் ஒரு பங்காளிச் சண்டை

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சுவர்கள் பழைய காலத்துத் தடித்த சுவர்கள்; வைஃபை ஓர் அறையைத் தாண்டாது. அதனால் மின்கம்பி வழியே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர்கள் மூன்று வாங்கினேன். கூடத்தில் ரவுட்டரோடு ஒன்று, மாடியில் மகளின் கணினிக்கு ஒன்று, பின்கட்டுக் கேமராவுக்கு ஒன்று.

மறுநாளே மகளின் இணைய வகுப்பு விக்கி விக்கி ஓடியது. இணைய நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர்கள் மேல் தவறில்லை.

அடாப்டரின் செயலியில் பார்த்தால் மாடி இணைப்பின் வேகம் வினாடிக்கு 90 மெகாபிட், பின்கட்டுக்கு வெறும் 10. கேமரா அனுப்புவது 6 மெகாபிட்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். கணக்கு அங்கேதான் இடித்தது. கம்பி ஒன்றே, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். 10 வேகத்தில் 6ஐ அனுப்பினால் ஒவ்வொரு வினாடியிலும் 60 சதவீத நேரம் போய்விடும். 90 வேகத்தில் அதற்கு 7 சதவீதம்கூட ஆகாது. மெதுவாகப் பேசுகிறவர்தான் மற்றவர்களின் நேரத்தைத் தின்கிறார்!

பின்கட்டில் தம்பி அடாப்டரை ஸ்பைக் பஸ்டரில் செருகியிருந்தான். மின்னிரைச்சலை வடிகட்டும் அந்தப் பெட்டி, மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போகும் சிக்னலையும் சேர்த்து விழுங்கிவிடும். பக்கத்தில் கம்பியில் இரைச்சலைக் கிளப்பும் மலிவான சார்ஜர் வேறு. அடாப்டரை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகி, சார்ஜரை அகற்றியதும் வேகம் 45 ஆனது. கேமராவையும் 3 மெகாபிட்டாகக் குறைத்தேன். கொல்லைக்கு வரும் பூனையை அடையாளம் காண அது போதும்.