பழைய சிடி, புதிய விண்டோஸ்: வியூக விளையாட்டுகளை ஓடவைக்கும் முறை

2000ஆம் ஆண்டையொட்டி கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரியிலோ பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ரெட் அலர்ட், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற வியூக விளையாட்டுகளை ஆடிப் பழகியவர்கள், அதே சிடியை இன்றைய கணினியில் போட்டுவிட்டு, ஓடவில்லை என்றதும் பழைய நிரல்களுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் கம்பாட்டிபிலிட்டி மோடில் உள்ள எல்லாக் கட்டங்களையும் டிக் செய்து பார்ப்பதுண்டு. அது பெரும்பாலும் வீண் வேலை. விளையாட்டு எந்த நிலையில் நின்றுபோகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால், செய்ய வேண்டியது மிகக் குறைவே.

முதலில் சிடியை ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழுத் தகட்டின் நகலான ஒரே கோப்பாக, நகலெடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊரின் ஈரத்தில் பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த தகட்டை நம்பிக்கொண்டிருக்க முடியாது. விண்டோஸ் 8 முதல், ஐஎஸ்ஓ கோப்பை இருமுறை சொடுக்கினாலே அது தனி டிரைவாகத் திறந்துகொள்ளும்.

இன்ஸ்டாலரே திறக்கவில்லை என்றால் அது 16 பிட் நிரலாக, அதாவது விண்டோஸ் 95க்கு முந்தைய முறையில் எழுதப்பட்டதாக, இருக்கலாம். விளையாட்டு 32 பிட்டில் எழுதப்பட்டிருந்தும் இன்ஸ்டாலர் மட்டும் 16 பிட்டாக இருப்பது 1990களின் நடுப்பகுதிச் சிடிகளில் சாதாரணம். 64 பிட் விண்டோஸ் அதைப் பெரும்பாலும் இயக்காது. இன்ஸ்டாலர் திறந்தால், நிறுவும்போது புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையைத் தவிர்த்து, வேறொரு தனிக் கோப்புறையைத் தேர்ந்தெடுங்கள். சேமித்த ஆட்டங்களைத் தன் கோப்புறைக்குள்ளேயே எழுதும் பழைய நிரல்களுக்குப் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத அனுமதி கிடைக்காது.

நிறுவிய பின்னும் "சிடியைப் போடவும்" என்றே கேட்டுக்கொண்டிருந்தால், காரணம் சேஃப்டிஸ்க் என்னும் நகல்தடுப்பு முறையாக இருக்கலாம். அதற்கான டிரைவர் விண்டோஸ் 10இல் இயங்காது. 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கிவிட்டது. இங்கே சிடியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ரெட் அலர்ட் 2008இல் இலவசமாக்கப்பட்டது. அதை ஓபன்ஆர்ஏ என்னும் திறமூல நிரலின் வழியே புதிய திரையளவிலும் ஆடலாம். முதல் ஸ்டார்கிராஃப்ட் 2017 முதல் இலவசம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்கு 2019இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் உண்டு.

உண்மையான தலைவலி திரையில்தான். அக்கால விளையாட்டுகள் 256 நிறங்கள் கொண்ட வண்ணப் பட்டியலை வைத்துக்கொண்டு, திரையில் படம் வரைவதற்கான டைரக்ட்டிரா என்னும் விண்டோஸ் பகுதியின் வழியே வரைந்தன. புதிய விண்டோஸில் டெஸ்க்டாப்பை நடத்தும் எக்ஸ்ப்ளோரரும் அந்தப் பட்டியலில் கைவைப்பதால், புல்லும் நீரும் ஊதாவாகவும் சிவப்பாகவும் மாறிவிடும். விண்டோஸ் 7 காலத்தில் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரையே நிறுத்திவிட்டு ஆடியவர்கள் உண்டு; மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் அது. அதைவிட எளிய வழி, சிஎன்சி-டிடிரா என்னும் இலவசத் தொகுப்பைப் பதிவிறக்கி, அதன் கோப்புகளை விளையாட்டின் இயங்கு கோப்பு இருக்கும் அதே கோப்புறையில் இடுவது. ரெட் அலர்ட் இடம்பெறும் கமாண்ட் அண்ட் கான்கர் வரிசைக்காக எழுதப்பட்டதென்றாலும் வேறு பல விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும். பழைய வரைதல் கட்டளைகளை இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி அது மாற்றித் தருகிறது. கூடவே வரும் அமைப்பு நிரலில் முழுத்திரை, சன்னல், 4:3 விகிதம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். 4:3ஐ விட்டுவிடாதீர்கள்; அகலத் திரைக்கு இழுத்து நிரப்பினால் குதிரைவீரன் கொழுத்துப்போவான். லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை ஓடவைக்கும் வைன் வழியே ஆடுவோர், வைன் அமைப்பில் டிடிரா கோப்பை "நேட்டிவ்" என்று குறிப்பிட்டால்தான் இந்தக் கோப்பு எடுத்துக்கொள்ளப்படும்.

வீட்டுக்குள் இரண்டு கணினிகளை இணைத்து ஆட வேண்டுமானால், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் லெகசி காம்போனன்ட்ஸின் கீழ் உள்ள, பழைய விளையாட்டுகளை வலையில் இணைக்கும் டைரக்ட்பிளேயை இயக்குங்கள். ஐபிஎக்ஸ் என்னும் பழைய வலையிணைப்பு நெறிமுறையை மட்டுமே அறிந்த விளையாட்டுகளுக்கு அது போதாது. விஸ்டாவிலேயே அந்த நெறிமுறை நீக்கப்பட்டுவிட்டதால், ஐபிஎக்ஸ்ராப்பர் என்னும் சிறு நிரல் தேவைப்படும். இதற்குப் பின்னும் ஒருவர் தொடங்கிய ஆட்டம் மற்றவருக்குத் தெரியவில்லையெனில், இரு கணினிகளிலும் விளையாட்டின் ஒரே பேட்ச் (திருத்தப் பதிப்பு) எண் இருக்கிறதா, ஃபயர்வால் அந்த விளையாட்டை அனுமதித்திருக்கிறதா என்று பாருங்கள்.