ஹனோய் போகிறீர்களா? நீல நோட்டில் கவனம்

வியட்நாம் தலைநகர் ஹனோயில் இறங்கியதும் முதலில் மிரட்டுவது, பழைய நகரத் தெருக்களில் இடைவெளியே இல்லாமல் வரும் மோட்டார் பைக்குகள்தான். ஓயட்டும் என்று காத்திருந்தால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். மெதுவாக, ஒரே சீராக நடங்கள். ஓடவோ, சட்டென்று பின்வாங்கவோ வேண்டாம். பைக்குகள் உங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கார், பஸ் வந்தால் மட்டும் நீங்கள்தான் வழிவிட வேண்டும்.

அப்புறம் பணம். 20 ஆயிரம் டாங் நோட்டும் 5 லட்சம் டாங் நோட்டும் நீல நிறம். இரண்டிலும் ஹோ சி மின் படம். இரவில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது மாறிவிடும். 5 லட்சம் நோட்டுகளைப் பர்ஸில் தனி அறையில் வையுங்கள்.

பயமில்லாமல் நடக்க ஆசையா? வார இறுதியில் ஹோவான் கியெம் ஏரிக்குப் போங்கள், சுற்றியுள்ள சாலைகளில் வண்டிகளுக்குத் தடை.