பென் டிரைவைப் புடுங்குறதுக்கு முன்னாடி: புதுசா வர்ற பசங்க பண்ற தப்புகள்

போன வாரம் மண்டபம் ஊர்ல என்கிட்ட வேலை பழகுற தம்பி ஒருத்தன், லினக்ஸ் மெஷின்லருந்து பில்லிங் டேட்டாவ பென் டிரைவுக்குக் காப்பி போட்டான். காப்பி எவ்வளவு ஆச்சுன்னு காட்டுற கோடு ஓடி முடிஞ்சதும் டக்குனு புடுங்கிட்டான். "டேய், எஜெக்ட் குடுத்தியா?"ன்னேன். "நூறு பர்சென்ட் வந்துருச்சுண்ணே, பார்த்துட்டுத்தான் எடுத்தேன்"ங்குறான். எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. இதே வார்த்தைய நான் பத்து வருசத்துக்கு முன்னாடி ஒரு மீன் வாடிக்காரர்ட்ட (படகுக்காரங்ககிட்ட மீன் வாங்குற எடத்துக்காரர்) சொல்லிருக்கேன். தெரியாத லிங்க அமுக்காத, பாஸ்வேர்ட எழுதி ஒட்டாதங்குறதெல்லாம் எல்லாரும் சொல்லிட்டாங்க, அத விட்டுர்றேன்.

காப்பி முடிஞ்சுச்சுன்னு நம்புறது

ராமேஸ்வரம் பக்கம் அந்த வாடிக்கு நாந்தான் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்திருந்தேன். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, வாடியில வேலை கம்மி, அந்த நேரத்துல பழைய உபுண்டுவ (அதுவும் லினக்ஸ்தான்) எடுத்துட்டுப் புதுசு போட்றலாம்னு உக்காந்தேன். டேட்டா ஃபோல்டர் 400 எம்பி இருக்கும், பென் டிரைவுக்குப் போட்டேன், அரை நிமிசம்கூட ஆகல, முடிஞ்சுருச்சு. அந்த வேகத்தப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்கணும், செகண்டுக்கு அஞ்சு எம்பி எழுதுனாலே பெருசுங்குற பழைய டிரைவ் அது. புடுங்கி பாக்கெட்ல போட்டுட்டு ஹார்டு டிஸ்க்க ஃபார்மேட் பண்ணிட்டேன். புது சிஸ்டம் ஏத்திட்டு டிரைவச் சொருகுனா ஃபைல் பேரெல்லாம் வரிசையா நிக்குது, பாதிக்கு சைஸு சைபர். டேட்டாபேஸ் ஃபைல் மட்டும் சைஸு சரியாக் காட்டுச்சு, ஆனா தொறக்கல.

வாடிக்காரர் ஒரு வார்த்தை திட்டல. ஒரு சாக்கு நெறைய துண்டுச்சீட்டக் கொண்டாந்து வச்சு, "தம்பி, தடைக்காலம் முடியுறதுக்குள்ள ஏத்திருங்க"ன்னாரு. எரா எத்தன கிலோ, கணவாய் எத்தன கிலோ, எந்தச் சம்மாட்டிக்கு (படகு ஓனர்) எவ்வளவு அட்வான்ஸுன்னு பதினோரு நாள் ராவும் பகலுமா அடிச்சேன். ஐஸ் தண்ணி பட்டு மை ஊறுன சீட்டுல 3ஆ 8ஆன்னு தெரியாம ஒவ்வொரு சம்மாட்டி வீட்டுக்கும் அவரு நடந்து போய்க் கேட்டுட்டு வந்தாரு. வயசான மனுசன், என்னால அந்த வெயில்ல அலைஞ்சாரு. இன்னைக்கும் யாராச்சும் டிரைவப் புடுங்குனா எனக்கு அதான் கண்ணு முன்னாடி வருது.

நடக்குறது இதுதான். படகு கடலுக்குள்ள நங்கூரம் போட்டு நிக்கும், கரையிலருந்து ஐஸ வத்தையிலதான் (சின்னப் படகு) கொண்டு போவாங்க. கரையில நிக்குற ஆளு வத்தையில ஏத்துனதுமே "ஐஸ் போயிருச்சு"ன்னு நோட்டுல எழுதிட்டா எப்படி இருக்கும்? வத்தை இன்னும் படகப் போய்ச் சேரல. லினக்ஸும் அப்படித்தான், பென் டிரைவ் மெதுவானதுங்குறதால டேட்டாவ முதல்ல ராம்ல வாங்கி வச்சுக்கிட்டு உங்ககிட்ட முடிஞ்சுச்சுன்னு சொல்லிரும், அப்புறம் பின்னாடி மெதுவா எழுதும். சாதாரண செட்டிங்ல அப்படித் தேங்குனது 30 செகண்ட் பழசானாத்தான் இல்ல காலியா இருக்குற மெமரில 10 பர்சென்ட்டத் தாண்டுனாத்தான் எழுதவே ஆரம்பிக்கும். ப்ராக் ஃபோல்டர்ல மெம்இன்ஃபோன்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல டர்ட்டின்னு ஒரு வரி வரும், இன்னும் எழுதாம ராம்ல தேங்கிக் கிடக்குறது எவ்வளவுன்னு அது காட்டும். தம்பிய மறுபடி காப்பி போடச் சொல்லி அதத்தான் காட்டுனேன், கோடு முடிஞ்சு போச்சு, டர்ட்டி மட்டும் 412000 கேபின்னு நிக்குது, செகண்டுக்கு செகண்ட் கொறையுது. அவன் வாயத் தொறக்கல.

பசங்க இதுல விழுறதுக்குக் காரணம் விண்டோஸ் பழக்கம். 2018ல வந்த விண்டோஸ் 10, 1809 வெர்ஷன்லருந்து வெளி டிரைவுக்கு குவிக் ரிமூவல்தான் டீஃபால்ட், அதனால எழுதி முடிஞ்சப்புறம் அப்படியே எடுத்தாலும் பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம். அதே கைய இங்க வச்சா போச்சு. எஜெக்ட் குடுங்க, டெர்மினல்ல (கமாண்ட் அடிக்குற கறுப்புத் திரை) இருந்தா சிங்க் கமாண்ட் அடிச்சு (தேங்குனதெல்லாம் எழுதச் சொல்றது), பிராம்ப்ட் திரும்பி வந்தப்புறம் அன்மவுண்ட் பண்ணுங்க (டிரைவ சிஸ்டத்துலருந்து பிரிக்குறது).

இன்னொண்ணு, காப்பி போட்ட கையோட செக்சம் (ரெண்டு ஃபைலும் ஒண்ணுதானான்னு சரிபார்க்குற கணக்கு) பார்க்குறதுல பிரயோஜனம் இல்ல, அது ராம்ல இருக்குறதையே படிச்சு சரியா இருக்குன்னு சொல்லும். அன்மவுண்ட் பண்ணி, கழட்டி, திரும்பச் சொருகிட்டுப் பாருங்க. முடிஞ்சா வேற மெஷின்ல ஃபைலத் தொறந்தே பாருங்க. அது வரைக்கும் ஃபார்மேட் பட்டன் பக்கம் கை போகக் கூடாது.

ஓடிக்கிட்டு இருக்குற டேட்டாபேஸ அப்படியே காப்பி எடுக்குறது

எஸ்க்யூலைட்ல (ஒரே ஃபைல்ல இருக்குற சின்ன டேட்டாபேஸ்) வால் மோடு (புதுசா எழுதுறத முதல்ல தனி ஃபைல்ல போடுற முறை) போட்டிருந்தா கடைசியா எழுதுனது பக்கத்துல இருக்குற வால் ஃபைல்ல கிடக்கும், மெயின் ஃபைல மட்டும் எடுத்தா இன்னைக்குப் போட்ட பில்லு வராது. அதுலயே பேக்கப் கமாண்ட் இருக்கு, அத யூஸ் பண்ணுங்க.

கிளவுட் சிங்க்க பேக்கப்புன்னு நினைக்குறது

இங்க அழிச்சா அங்கயும் அழியும்.

ஃபோர்ஸ் புஷ்

கிட்ல (கோடோட மாத்தங்களச் சேத்து வைக்குற டூல்) சர்வர்ல இருக்குறத மீறி நம்மளோடத ஏத்துறதுதான் இது. நாலு பேரு வேலை பார்க்குற பிராஞ்ச்ல வேணாம்.

பாஸ்வேர்ட கிட்ல ஏத்திட்டு அடுத்த கமிட்ல அழிக்குறது

கமிட்டுன்னா அந்த நேரத்து கோடோட ஒரு பதிவு, பழைய கமிட்ல அது அப்படியே இருக்கும். முதல்ல பாஸ்வேர்ட மாத்துங்க, ஹிஸ்டரிய அப்புறம் சுத்தம் பண்ணலாம்.

உப்புக்காத்த மறக்குறது

2025 ஏப்ரல்ல தொறந்த பாம்பன் புதுப் பாலத்துக்கே துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி போட்டிருக்காங்க, நம்ம யூஎஸ்பி போர்ட்டு எம்மாத்திரம்? கடலப் பார்த்த ஜன்னலோரம் சிபியூவ வைக்காதீங்க. காப்பி நடுவுல டிரைவ் விட்டு விட்டு கனெக்ட் ஆச்சுன்னா டிரைவர் சாஃப்ட்வேர நோண்டுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு போர்ட்டுக்குள்ள பாருங்க, தகட்டுல பச்சை பூத்திருக்கும். மெஷின ஆஃப் பண்ணிட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொடச்சு, நல்லா காஞ்சப்புறம் சொருகுங்க. சும்மா கிடக்குற போர்ட்டுக்கு ரப்பர் மூடி போட்டு வைங்க.

டிடி கமாண்ட்

நீங்க சொல்ற டிரைவ் மேல கேக்காமலே எழுதிரும். அதனால முதல்ல எல்எஸ்பிஎல்கே (எந்தெந்த டிரைவ் இருக்குன்னு காட்டுற கமாண்ட்) அடிச்சு, டிரைவோட சைஸப் பார்த்துட்டு, அப்புறம் எண்டர்.