சுகர், டயாலிசிஸ்னு வருஷக்கணக்கா இருக்கவங்களுக்கு சாமி கும்புடறது மனசுக்கு தெம்பா இருக்க என்ன செய்யலாம்

நம்ம தர்மபுரி பக்கம் வீட்ல யாருக்காவது தீராத நோய்னா அதியமான்கோட்டை காலபைரவருக்கு பூசணி விளக்கு ஏத்துவோம், தீர்த்தமலை போவோம், கிருஷ்ணகிரில காட்டு வீர ஆஞ்சநேயருக்கு தேங்கா கட்டுவோம், தர்கா, சர்ச் போறவங்களும் நெறைய. தாராளமா போங்க, மனசு லேசாகும். மாத்திரையை மட்டும் எந்த வேண்டுதலுக்காகவும் நிறுத்தாதீங்க.

மொதல்ல "போன ஜென்மத்துல என்ன பாவமோ"ங்கற பேச்ச வீட்ல விட்டுடுங்க. நோயாளி காதுல அது விழுந்தா வேண்டுதல் பலிக்காதப்ப தன் பக்திலதான் குறைன்னு உள்ளுக்குள்ளயே நொந்துக்குவாங்க, இத நான் ரொம்ப கொடுமையா நினைக்கறேன். "இன்னிக்கு டயாலிசிஸ் நல்லபடியா முடியணும்"னு அன்னன்னைக்கு வேண்டியத கேக்க சொல்லுங்க. சாமி மேல கோவமா இருக்காங்களா, இருக்கட்டும், கோயிலுக்கு இழுத்துட்டு போகாம பக்கத்துல உக்காந்து சொல்றத கேளுங்க.

டயாலிசிஸ் ஒரு தடவைக்கு சுமார் 4 மணி நேரம், அப்ப பிடிச்ச நாமத்த மெதுவா, மூச்ச நீளமா விட்டு சொல்லலாம். ஜெபமாலை, மந்திரம் ரெண்டையும் வச்சு இத்தாலில பண்ணி 2001ல வெளிவந்த ஆராய்ச்சில, சொல்றப்போ மூச்சு நிமிஷத்துக்கு 6 கிட்ட வந்து சீராச்சுன்னு பாத்திருக்காங்க. எந்த சாமி பேரா இருந்தாலும் சரி, மூச்சு முட்டாம சொல்லணும் அவ்வளவுதான்.

உடம்ப பாத்துதான் வழிபாடு. சுகருக்கு ஊசி, மாத்திரை எடுக்கறவங்க டாக்டர கேக்காம விரதம் இருக்காதீங்க, சுகர் 70க்கு கீழ போனா விரதத்த உடனே விட்டுட்டு 3 டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு குடிங்க. கால் மரத்துப்போனவங்க உச்சி வெயில்ல கோயில் கல்லுல வெறுங்கால்ல நடந்தா கொப்புளம் வந்ததே தெரியாது, அது புண்ணாகி விரலையே எடுக்கற அளவுக்கு போகலாம், அதனால விடியக்காலைல போங்க, சாக்ஸ் போட்டுக்கங்க, வீட்டுக்கு வந்ததும் பாதத்த பாருங்க. கிட்னி போனவங்களுக்கு இளநீர், வாழைப்பழம் போட்ட பஞ்சாமிர்தம் ரெண்டுலயும் பொட்டாசியம் அதிகம், இதயத்தையே பாதிக்கும், பிரசாதம்னா விபூதி, பூ போதும்.

ரெண்டு வாரமா எதுலயும் நாட்டமில்ல, தூக்கமில்ல, "நான் பாரமா இருக்கேன்"னு பேசறாங்கன்னா பூஜையோட நிறுத்தாம டாக்டர்ட்ட சொல்லுங்க. சாகணும்னு பேசினா தனியா விடாதீங்க, 14416க்கு அடிங்க, அது டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் தமிழ்ல பேசலாம். மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசாங்க திட்டத்த 2021 ஆகஸ்ட் 5ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சாங்க, அதுல பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வர்றவங்ககிட்ட இந்த மனசு கஷ்டத்தையும் சேத்து சொல்லுங்க.